மீக்கடத்தியில் ஆன்டெனா செய்தால் எவ்வளவு சின்னதாக்கலாம்?

#1 மொட்டைமாடி அலை

எல்லோருக்கும் வணக்கம். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் கையில் இருக்கிறது, ஆன்டெனா கட்டத்தான் இடமில்லை. அடுக்குமாடியில் நான்காவது தளம். மொட்டைமாடியில் கம்பி இழுக்கக் குடியிருப்போர் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) முழு டைபோல், அதாவது நேராக இழுத்த அரை அலைநீளக் கம்பி, போட 20 மீட்டர் நீளம் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு பால்கனி. ஏசி வேலைக்கு விற்கும் 22 மில்லிமீட்டர் காப்பர் குழாயை வளைத்து 1 மீட்டர் விட்டத்தில் ஒரு லூப் செய்து வைத்திருக்கிறேன். கேட்பது அருமையாகக் கேட்கிறது. நான் பேசினால்தான் போய்ச் சேருவதில்லை.

ஆன்டெனா சின்னதாக ஆக, கொடுக்கிற சக்தியில் பெரும்பங்கு கம்பியைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது என்று படித்தேன். அப்படியானால் மின்தடையே இல்லாத மீக்கடத்தியில் லூப் செய்தால் அரை மீட்டர் கூடப் போதுமே? இப்போது திரவ நைட்ரஜனிலேயே வேலை செய்யும் மீக்கடத்திகள் இருக்கின்றன. பிறகு ஏன் இதை யாரும் செய்து விற்கவில்லை? விலை மட்டும்தான் காரணமா?

#2 காந்தச்சுருள்

தம்பி, உங்கள் லூப்பையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதிர்வெண் 7.05 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறக்குறைய 42.5 மீட்டர். லூப்பின் சுற்றளவு 3.14 மீட்டர். இந்த அளவுக்குக் கதிர்வீச்சு மின்தடை, அதாவது அலையாக வெளியே போகும் சக்திக்குக் காரணமான பங்கு, சுமார் 5.9 மில்லிஓம். காப்பர் குழாயின் மின்தடை, மேற்பரப்பில் மட்டுமே மின்னோட்டம் ஓடுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 31.5 மில்லிஓம்.

ஆக 100 வாட் கொடுத்தால் 16 வாட் போல வெளியே போகிறது, மீதி சூடாகிறது. இதிலும் லூப்பை ட்யூன் செய்யும் கெப்பாசிட்டர், இணைப்புகளின் இழப்பை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் மோசம்.

காப்பருக்குப் பதில் மீக்கடத்தி வைத்தால் அந்த 31.5 போய்விடும். 8 டெசிபல் லாபம். சின்ன விஷயமில்லை, உங்கள் டிரான்ஸ்மிட்டரை ஆறு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். அரை மீட்டர் லூப்புக்கு லாபம் இன்னும் பெரிது: காப்பரில் 2 சதவீதம்தான் வெளியே போகும், மீக்கடத்தியில் கிட்டத்தட்ட முழுவதும். 16 டெசிபல். நீங்கள் நினைத்தது இதுவரை சரி.

இனி மறுபக்கம். லூப்பின் தூண்டல் எதிர்ப்பு 108 ஓம். மொத்த மின்தடை 37 மில்லிஓம் இருந்தபோது க்யூ மதிப்பு, அதாவது தேங்கும் ஆற்றலுக்கும் ஒவ்வொரு சுழற்சியிலும் தீரும் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் எண், 2900. மின்தடை 5.9-க்கு இறங்கியதும் அது 18,000-ஐத் தாண்டிவிடும். க்யூ ஏறினால் பேண்ட்வித், அதாவது ஒரே ட்யூனிங்கில் கடக்கக்கூடிய அதிர்வெண் அகலம், குறுகும். டிரான்ஸ்மிட்டரோடு பொருத்திய நிலையில் காப்பர் லூப்புக்குக் கிடைப்பது 4.9 கிலோஹெர்ட்ஸ். மீக்கடத்தி லூப்புக்கு 760 ஹெர்ட்ஸ். குரலுக்கு வேண்டியதோ 2,400 ஹெர்ட்ஸாவது. அரை மீட்டர் மீக்கடத்தி லூப்பில் வெறும் 116 ஹெர்ட்ஸ்தான் மிஞ்சும்.

கோயில் மணியை வைத்துத் தவில் வாசிக்க முடியாது. முதல் அடியின் ஒலி அடங்குவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். இழப்பை எடுத்துவிட்ட சின்ன ஆன்டெனாவின் நிலை அதுதான்.

#3 மொட்டைமாடி அலை

புரிகிறது சார். ஆனால் இது லூப்புக்கு மட்டும் உள்ள குறையா? வேறு வடிவத்தில் செய்தால் தப்பிக்க முடியாதா?

#4 அலைவழி ஆசிரியர்

வடிவத்தை மாற்றிக் கொஞ்சம் மீட்கலாம், தப்பிக்க முடியாது. 1947-இல் ஹெரால்ட் வீலரும், 1948-இல் எம்ஐடியில் இருந்த சூவும் இதைத் தீர்த்து எழுதிவிட்டார்கள். ஆன்டெனாவை முழுக்க உள்ளடக்கும் ஒரு கோளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தக் கோளம் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால், உள்ளே எந்த வடிவத்தை மடித்து வைத்தாலும் க்யூ ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. கோளத்தின் ஆரம் பாதியானால் அந்த அடிமட்டம் 8 மடங்கு ஏறும்.

இதில் முக்கியமான விஷயம், சூ போட்ட கணக்கில் இழப்பே கிடையாது. இழப்பில்லாத கடத்தி என்று வைத்துக்கொண்டுதான் அந்த எல்லை வருகிறது. மீக்கடத்தி நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது அந்த எல்லையின் வாசலில்தான், அதைத் தாண்டி அல்ல. 1 மீட்டர் விட்டக் கோளத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸில் அடிமட்டம் சுமார் 2500. மெல்லிய வளையம் கோளத்தின் உள்ளிடத்தைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை, அதனால்தான் காந்தச்சுருள் சொன்ன 18,000 வருகிறது. மிகச் சிறந்த வடிவம் கிடைத்தாலும் நடுவில் உள்ள இந்த இடைவெளியில்தான் விளையாடலாம்.

சின்ன ஆன்டெனாவைச் சுற்றி ஆற்றல் பெரும்பாலும் தேங்கித்தான் நிற்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஆன்டெனாவுக்குத் திரும்பி வந்து மறுபடி போகிறது. வெளியே கழன்று போவது அதில் ஒரு துளி. காப்பரானாலும் மீக்கடத்தியானாலும் இந்தத் தேக்கம் மாறாது, ஏனென்றால் அது இருப்பது கம்பிக்கு வெளியே, காற்றில்.

#5 குளிர்நிலை

மீக்கடத்தி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

1911-இல் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தில் கண்டது நேர்மின்னோட்டத்துக்கான பூஜ்ய மின்தடை. மாறுமின்னோட்டத்தில் மீக்கடத்திக்கும் சின்ன இழப்பு உண்டு. ஜோடி சேர்ந்து தடையின்றி ஓடும் எலெக்ட்ரான்களோடு, ஜோடி சேராதவையும் உள்ளே இருக்கின்றன. அதிர்வெண் ஏற ஏற அவையும் ஆடத் தொடங்குகின்றன. காப்பரின் மேற்பரப்பு மின்தடை அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தோடு ஏறும், மீக்கடத்தியினுடையது வர்க்கத்தோடு ஏறும். அதனால் ஓரிடத்தில் இரண்டும் சந்தித்தே ஆகவேண்டும். இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு படலத்தை 77 கெல்வினில், அதாவது திரவ நைட்ரஜனின் வெப்பநிலையில், வைத்தால் அது சுமார் 100 கிகாஹெர்ட்ஸ் பக்கம் நடக்கும். 10 கிகாஹெர்ட்ஸில் அறை வெப்பக் காப்பர் 26 மில்லிஓம் காட்டும்போது நல்ல படலம் 1 மில்லிஓமுக்கும் கீழே. 7 மெகாஹெர்ட்ஸில் இந்த இழப்பைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

உங்களுக்கு வரும் சிக்கல் வேறு. கடையில் கிடைப்பது மின்கேபிளுக்கான டேப். அதில் மீக்கடத்தி 1 மைக்ரான் அளவுதான் இருக்கும். அதன் மேல் வெள்ளி, அதற்கும் மேல் பாதுகாப்புக்காகச் சுமார் 20 மைக்ரான் காப்பர் பூசியிருப்பார்கள். 7 மெகாஹெர்ட்ஸில், 77 கெல்வினில், மின்னோட்டம் காப்பரில் 9 மைக்ரான் ஆழத்துக்குத்தான் இறங்கும். அதாவது அது மீக்கடத்தியைத் தொடாமல் மேலே பூசிய காப்பரிலேயே ஓடிவிடும். காப்பர் பூசாத டேப்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது சக்தி. 100 வாட்டுக்கு அந்த லூப்பில் 130 ஆம்பியர் ஓடும். 4 மில்லிமீட்டர் டேப் நேர்மின்னோட்டத்தில் தாங்குவதே ஏறக்குறைய அவ்வளவுதான். மாறுமின்னோட்டத்தில் ஒவ்வொரு சுழற்சியிலும் டேப்பின் ஓரங்கள் வழியாகக் காந்தச்சுழிகள் நுழைந்து வெளியேறும், அதில் ஒரு இழப்பு. நொடிக்கு 70 லட்சம் சுழற்சி. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் இந்த இழப்பு சுமார் 16 மடங்காகும். அதனால் மீக்கடத்தி லூப்பை வைத்து அனுப்புவதென்றால் ஒரு வாட், அரை வாட் என்ற அளவில்தான் நான் யோசிப்பேன். கேட்பதற்கு மட்டும் என்றால் இந்தக் கவலை இல்லை.

#6 காந்தச்சுருள்

மின்னழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பால்கனியில் வீட்டுக் குழந்தைகள் நடமாடுவார்கள். 130 ஆம்பியரை 108 ஓமால் பெருக்குங்கள். கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கு நடுவே 14,000 வோல்ட், உச்சத்தில் 20,000. இப்போதுள்ள காப்பர் லூப்பிலேயே உச்சம் 8,000 வோல்ட் அருகே வரும். தயவுசெய்து கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

#7 தென்றல் 73

எல்லோரும் குரலையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கணினி வழியாகச் சிறு செய்திகளை அனுப்பும் எஃப்டி8 முறையைப் பயன்படுத்தினால் 50 ஹெர்ட்ஸ் போதும். அரை மீட்டர் லூப் தரும் 116 ஹெர்ட்ஸ் அதற்கு மேலேயே இருக்கிறது. அரை வாட் சக்தியில் எஃப்டி8 கண்டம் தாண்டிப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். குறுகிய பேண்ட்வித்தைக் குறையாக மட்டுமே பார்ப்பது சரியில்லை என்று நினைக்கிறேன்.

#8 குளிர்நிலை

கணக்கில் சரிதான், நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம். 7.05 மெகாஹெர்ட்ஸில் 116 ஹெர்ட்ஸ் என்பது 60,000-இல் ஒரு பங்கு. கெப்பாசிட்டர் 30,000-இல் ஒரு பங்கு மாறினாலே அலைவரிசை விட்டு முழுசாக நழுவிவிடும். திரவ நைட்ரஜனின் மின்காப்பு மாறிலி 1.43, வாயுவினுடையது 1. கொதிக்கும் நைட்ரஜனில் குமிழி எழும்பி கெப்பாசிட்டர் தகட்டின் பக்கம் போகும்போதெல்லாம் ட்யூனிங் ஆடும். கெப்பாசிட்டரை வெற்றிடத்தில் அடைத்து, குளிரைக் கடத்தல் மூலம் மட்டும் கொடுக்க வேண்டும். குளிர்க்கலமும் உலோகத்தில் இருக்கக் கூடாது. உலோகச் சுவர் லூப்பைச் சுற்றி இன்னொரு மூடிய வளையமாகி, அதிலேயே மின்னோட்டம் ஓடும். சாதாரண எவர்சில்வர் குடுவைகள் உதவாது. கண்ணாடியிழை கலம் வேண்டும், அல்லது தடிமனான தெர்மாகோல்.

செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. 1988-லேயே பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு புதிய மீக்கடத்திப் பொருளில் குட்டை டைபோல் ஒன்று செய்து, அதே அளவு காப்பரைவிட மேலாக வேலை செய்வதைக் காட்டினார்கள். பெட்னோர்ஸும் முல்லரும் இந்த வகைப் பொருளைக் கண்டது 1986-இல், நைட்ரஜனில் வேலை செய்யும் பொருள் வந்தது 1987-இல். அதாவது பொருள் கைக்கு வந்த மறு ஆண்டே ஆன்டெனாவாகிவிட்டது. முயன்று பார்க்காமல் விட்டுவிடவில்லை.

#9 மொட்டைமாடி அலை

அப்படியானால் கேட்பதற்கு மட்டும் மீக்கடத்தி லூப் வைத்தால்? அங்கே சக்திப் பிரச்சினையே இல்லையே.

#10 காந்தச்சுருள்

7 மெகாஹெர்ட்ஸில் அதனால் ஒரு பயனும் இல்லை தம்பி. குடியிருப்புப் பகுதியில் இந்த அதிர்வெண்ணில் வெளியிலிருந்து வரும் இரைச்சல், ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) அட்டவணைப்படி, அறை வெப்ப இரைச்சலைவிட 49 டெசிபல் மேலே இருக்கும். எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் சேர்ந்து போடும் சத்தம். ஆள் நடமாட்டமில்லாத ஊர்ப்புறத்திலேயே 29 டெசிபல். உங்கள் லூப் 8 டெசிபல் இழக்கிறது என்றால் நிலையத்தின் குரலும் இரைச்சலும் சேர்ந்தே 8 டெசிபல் குறையும். இரண்டுக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கும். வால்யூமைத் திருகினால் முடிந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவில் விரல் நீள ஃபெரைட் குச்சி மீடியம் வேவ் கேட்க வைத்தது இதனால்தான். அனுப்பும் ஆன்டெனாவாகப் பார்த்தால் அதன் திறன் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

#11 ஸ்பின் எக்கோ

இதைத் திருப்பிப் போட்டால் மீக்கடத்திச் சுருள் எங்கே பிழைக்கிறது என்று தெரியும்: வெளி இரைச்சல் குறைவாகவும், சுருளின் சொந்த இரைச்சல் அதிகமாகவும் உள்ள இடத்தில். நான் என்எம்ஆர் கருவி, அதாவது காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறுகளின் அமைப்பை அறியும் கருவி, இயக்குகிறேன். சோதனைக் குழாயில் அரை மில்லிலிட்டர் கரைசல், அதைச் சுற்றிச் சின்னச் சுருள், சுற்றிலும் மூடிய உலோகக் கூடு. வானத்து இடியோ பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரோ உள்ளே வராது. கரைசல் தரும் இரைச்சலும் குறைவு. சுருளின் மின்தடை போடும் இரைச்சல்தான் சிக்னலை மூழ்கடிக்கும்.

அதனால் சுருளை 20 கெல்வின் பக்கம் குளிர்விக்கிறார்கள். சில வகைகளில் சுருளே மீக்கடத்திப் படலம். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய நான்கு மடங்கு உயரும். அளவிடும் நேரம் 16-இல் ஒரு பங்காகக் குறையும் என்று இதற்குப் பொருள். இரவெல்லாம் ஓட்டியும் போதாத ஒரு புரத மாதிரியை ஒரு மணி நேரத்தில் முடித்து, மாணவர் கையில் நிறமாலையைக் கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் பார்த்திருக்கிறேன். சுருளுக்கு வெளியே சாதாரண அறை வெப்பம், உள்ளே அரை மில்லிலிட்டர் தண்ணீர் உறையாமல் நிற்கிறது, நடுவில் சில மில்லிமீட்டர் வெற்றிடம். அந்த இடைவெளியை இவ்வளவு சிறிதாக்கியதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய உழைப்பு, ஏனென்றால் சுருள் மாதிரியை ஒட்டி இருந்தால்தான் பலன்.

#12 அலைவழி ஆசிரியர்

செல்பேசிக் கோபுரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990-களின் கடைசியிலிருந்து அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கோபுரங்களில் மீக்கடத்தி வைத்தார்கள். வைத்தது ஆன்டெனாவில் இல்லை, அதற்கு அடுத்து வரும் ஃபில்டரில். ஃபில்டருக்கு உயர்ந்த க்யூ என்பது வரம். பக்கத்து அலைவரிசையைச் சுவர் வைத்தாற்போல் வெட்டிவிடும். ஆன்டெனாவுக்குச் சாபமான அதே குணம் அங்கே விற்பனைப் பொருளானது. ஆன்டெனா ஆய்வாளர் ஆர்.சி. ஹான்சன் 1990-இல் மீக்கடத்தி ஆன்டெனாத் துறையை அலசி எழுதியபோது சொன்னது இது: அரை அலைநீள அளவுள்ள ஆன்டெனாவில் மீக்கடத்தியால் பெரிய லாபமில்லை, ஏனென்றால் அங்கே காப்பரே 99 சதவீதத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறது.

#13 வள்ளியூர்க்காரன்

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் விஜயநாராயணம். அங்கே கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் 1990-இலிருந்து இருக்கிறது. நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப. 18.2 கிலோஹெர்ட்ஸில் அதன் சிக்னலை வீட்டில் கம்பிச் சுருள் வைத்தே பிடிக்கலாம். அலைநீளம் 16.5 கிலோமீட்டர். அங்குள்ள மிக உயரமான கோபுரம் 470 மீட்டர், நாட்டிலேயே உயரமான கட்டுமானங்களில் ஒன்று. இரவில் அதன் சிவப்பு விளக்குகள் பல மைல் தூரம் தெரியும். அவ்வளவு உயரமும் அலைநீளத்தில் 35-இல் ஒரு பங்குதான்! இந்த இழையின் கணக்குப்படி அதுவும் ‘சின்ன ஆன்டெனா’. அங்கே மீக்கடத்தி வைத்தால் கோபுரத்தைக் குட்டையாக்க முடியாதா?

#14 அலைவழி ஆசிரியர்

பொதுவாக இந்த வகை நிலையங்களில் இழப்பின் பெரும்பங்கு மண்ணில் போகிறது. அதற்காகத்தான் கோபுரத்தைச் சுற்றிக் காப்பர் கம்பிகளை மண்ணுக்குள் விரித்துப் புதைக்கிறார்கள். கம்பியை மீக்கடத்தியாக்கினாலும் மண் மண்ணாகவே இருக்கும். இரண்டாவது, உயரம் குறைந்தால் அதே சக்திக்கு மின்னழுத்தம் ஏறும்; ஒரு கட்டத்தில் கம்பியைச் சுற்றியுள்ள காற்றே முறிந்து ஒளிரும். குட்டையாக்குவதைத் தடுப்பது அதுதான். மூன்றாவது, பேண்ட்வித். இப்போதே நொடிக்குச் சில நூறு பிட்டுக்கு மேல் அங்கே அனுப்ப முடியாது.

ஆனால் இந்த அதிர்வெண்ணில் வேறொரு பாதை திறந்திருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் லித்தியம் நியோபேட் படிகத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் நீளக் குச்சி ஒன்றை ஆன்டெனாவாக்கினார்கள். மின்சுருளுக்குப் பதில் படிகத்தின் அதிர்வே ஒத்ததிர்வைத் தருகிறது, அறை வெப்பத்திலேயே இழப்பு மிகக் குறைவு. பேண்ட்வித் பிரச்சினைக்கும் ஒரு வழி கண்டார்கள்: சிக்னலை உள்ளே அனுப்பும் முன் மாற்றாமல், ஆன்டெனாவின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணையே செய்திக்கு ஏற்ப இங்கும் அங்கும் மாற்றினார்கள். சூவின் எல்லை காலத்தோடு மாறாத ஆன்டெனாவுக்கானது. ஆன்டெனாவே மாறிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மீக்கடத்தி லூப்பிலும் இதைச் செய்யலாம் என்பது என் நம்பிக்கை. உருவத்தைக் குறைக்கும் ஆசை உள்ளவர்கள் உழைக்க வேண்டிய இடம் இது.

#15 குளிர்நிலை

இன்னொரு பாதையும் உண்டு. ஸ்க்விட் எனப்படும் மீக்கடத்தி வளையம் காந்தப்புலத்தை நேரடியாகவே அளக்கும். ஒத்ததிர்வு தேவையில்லை, அதனால் அளவுக்கும் அலைநீளத்துக்கும் முடிச்சு இல்லை. ஆயிரக்கணக்கான வளையங்களை ஒரு சில்லில் வரிசையாக வைத்துப் பல பேண்டுகளை ஒரே நேரத்தில் கேட்கும் முயற்சிகள் நடக்கின்றன. அனுப்ப உதவாது, கேட்க மட்டும். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்க்விட் உணரிகளைச் செய்து இதயம், மூளை ஆகியவற்றின் காந்தப்புலத்தை அளக்கிறார்கள். வெளிப்புலம் நுழையாதபடி கவசமிட்ட அறைக்குள். அந்த அறை தேவைப்படுவதன் காரணம், காந்தச்சுருள் சொன்ன அதே வெளி இரைச்சல்தான்.

#16 மொட்டைமாடி அலை

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். டேப்பெல்லாம் விட்டுவிட்டு, இருக்கும் காப்பர் லூப்பையே திரவ நைட்ரஜனில் குளிர்வித்தால்?

#17 குளிர்நிலை

சுத்தமான காப்பர் என்றால் 77 கெல்வினில் மின்தடை எட்டில் ஒரு பங்காகும், மேற்பரப்பு மின்தடை மூன்றில் ஒரு பங்கு போல. 31.5 மில்லிஓம் 11 ஆகும், 3 டெசிபலுக்குச் சற்று மேல் லாபம். ஆனால் ஏசி குழாய்க் காப்பரில் பாஸ்பரஸ் கலந்திருக்கும். அந்தக் கலப்பு குளிரில் மின்தடை இறங்குவதைத் தடுக்கும், இவ்வளவு கிடைக்காது. நைட்ரஜனைப் பால்கனியில் திறந்து வைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய அறைக்குள் கசிந்தால் மூச்சுத் திணறும்.

#18 காந்தச்சுருள்

அதைவிட, 2 மீட்டர் விட்டத்தில் அதே குழாயில் லூப் வளைத்தால் திறன் 60 சதவீதம். இப்போதுள்ளதைவிடக் கிட்டத்தட்ட 6 டெசிபல் மேல், பேண்ட்வித் 8 கிலோஹெர்ட்ஸுக்கும் மேல். வட்டமாக இருக்க வேண்டியதில்லை, பால்கனி திறப்பின் அளவுக்குச் செவ்வகமாகவும் போடலாம். பரப்பளவுதான் முக்கியம். இரும்புக் கிரில்லிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இப்போதுள்ள லூப்பை நானோவிஎன்ஏ என்ற சின்ன ஆன்டெனா அளவுகருவியில் பொருத்தி, எஸ்டபிள்யூஆர் (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்) 5.8 காட்டும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று பாருங்கள். குழாயின் இழப்பு மட்டும் இருந்தால் 4.9 வரவேண்டும். 10 வந்தால் பாதிக்கு மேல் இணைப்புகளில் போகிறது என்று பொருள்.

#19 மொட்டைமாடி அலை

அளந்தேன் சார். 9 கிலோஹெர்ட்ஸ். கெப்பாசிட்டரைக் குழாயோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தேன். ஏசி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் பிரேசிங் வைத்துவிட்டேன். இப்போது 6.5.

#20 காந்தச்சுருள்

மொத்த மின்தடை 69 மில்லிஓமிலிருந்து 50-க்கு இறங்கியிருக்கிறது. 1.4 டெசிபல் கையில். மீதி 13 மில்லிஓம் கெப்பாசிட்டரிலும் கிரில்லிலும் இருக்கும். கெப்பாசிட்டரின் சுழலும் தகடுகளுக்கு மின்னோட்டம் உரசும் தொடர்பு வழியாகப் போகிறதா? அப்படியானால் பட்டாம்பூச்சி வகைக்கு மாறுங்கள், அதில் உரசும் தொடர்பே இல்லை. மாற்றிய பிறகு மறுபடி அளந்து இங்கே போடுங்கள்.